‘வயசானா கண்ணு மறைக்கத்தான் செய்யும்’ என்று விட்டுவிடாதீர்கள்!

தோழர்களே, தாய்மார்களே! உங்கள் லயத்தில் அஞ்சடியில் ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கிறாரா? போகிற வருகிறவர்களைக் குரலை வைத்தே கண்டுபிடிக்கிறாரா? “யாரு, மாரியா? எங்க போறே?” என்று திசை தப்பிய பக்கம் பார்த்துக் கேட்கிறாரா? அப்படியானால் இந்தப் பக்கத்தை இன்று கட்டாயம் படியுங்கள். படித்துவிட்டு அந்தப் பாட்டியின் வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

கிளைக் கூட்டத்துக்காக ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தபோது நான் அப்படி ஒரு பாட்டியைப் பார்த்தேன். ரப்பர் மரம் இருந்த காலத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டியவர். விடியற்காலை இருட்டிலும் வெட்டுக் கோணாமல் வெட்டியவர். அந்தக் கைக்கு அப்போது வேலையில்லை. மூன்று வருஷமாக இரண்டு கண்ணும் மறைத்துப் போயிருந்தது. மகள் செம்பனைக் காட்டுக்கு உதிரிப் பழம் பொறுக்கப் போய்விட, பாட்டியைக் குளிக்கும் அறைக்குக் கூட்டிப் போக, சோறு போட்டுக் கொடுக்க, பதின்மூன்று வயதுப் பேத்தி வீட்டிலேயே இருந்தாள். வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போவாள், மூன்று நாள் போக மாட்டாள்.

“ஏன் பாட்டி, ஆஸ்பத்திரியிலே காட்டலையா?” என்று கேட்டேன்.

“வயசாயிட்டுது தம்பி. இனிமே கண்ணு தெரிஞ்சு நான் என்ன செய்யப் போறேன்? ஆப்பரேஷன் செஞ்சா உள்ளதும் போயிடும்னு சொல்றாங்க” என்றார்.

அந்தப் பாட்டிக்கு வந்திருந்தது கண்புரை. அரை மணி நேரத்துக்குள் முடிகிற ஒரு சிகிச்சையில் சரியாகக்கூடியது. மூன்று வருஷமாகப் பாட்டி இருட்டில் இருந்தார். அந்தப் பிள்ளையின் படிப்பும் அதே இருட்டில் கிடந்தது. கண் பார்வை போனால் ஒருவருக்கு மட்டும் போவதில்லை, தோழர்களே. கைபிடித்து நடத்துகிறவரின் வாழ்க்கையும் கூடவே பாதியாகிவிடுகிறது.

தவிர்க்கக்கூடிய இருட்டு

‘கண் போவது தலையெழுத்து’ என்று நம்மில் பலர் இன்னும் சொல்கிறோம். கணக்கு வேறு மாதிரிச் சொல்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் பார்வை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் 220 கோடிப் பேருக்காவது ஏதாவது ஒரு பார்வைக் குறை இருக்கிறது. அதில் 100 கோடிப் பேருடைய குறை வராமலே தடுத்திருக்கக்கூடியது, அல்லது இன்னும் மருத்துவம் கிடைக்காமல் கிடப்பது என்று அந்த அறிக்கை கூறியது.

நம் நாட்டு நிலைமை என்ன? 2014இல் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடையே நாடு தழுவிய கண் ஆய்வு நடந்தது. பார்வை இழந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் கண்ணை மறைத்தது கண்புரைதான். அடுத்த இடத்தில் இனிப்பு நீர், அதற்கடுத்து கண் அழுத்த நோய். பார்வைக் குறைகளில் பத்துக்கு எட்டுக்கு மேல் தவிர்க்கக்கூடியவை என்று அந்த ஆய்வு காட்டியது.

கண்புரை: பயம் வேண்டாம்

கண்ணுக்குள் ஒரு சிறிய வில்லை இருக்கிறது. கண்ணாடி போலத் தெளிவாக இருக்க வேண்டிய அந்த வில்லை வயது ஆக ஆகப் பால் கலந்த தண்ணீர் போல மங்கிவிடுகிறது. அதுதான் கண்புரை. இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும், புகை பிடிப்பவர்களுக்கும், கண்ணில் அடிபட்டவர்களுக்கும் சீக்கிரமே வரும். எந்தச் சொட்டு மருந்தாலும், எந்த இலைச் சாற்றாலும் இது கரையாது. மங்கிய வில்லையை எடுத்துவிட்டு வேறு வில்லை வைப்பது ஒன்றே வழி.

இந்தச் செயற்கை வில்லை வந்த கதை சுவையானது. இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டிய வீரர்கள் சிலருக்கு, விமானக் கூண்டின் பிளாஸ்டிக் உடைந்து கண்ணுக்குள் தெறித்துத் தங்கிவிட்டது. அந்தத் துண்டுகள் கண்ணைப் புண்ணாக்காமல் அப்படியே இருப்பதை ஹெரால்டு ரிட்லி என்ற ஆங்கிலேய டாக்டர் கவனித்தார். அப்படியானால் இதிலேயே வில்லை செய்து கண்ணுக்குள் வைத்தால் என்ன? 1949இல் லண்டனில் வைத்துப் பார்த்தார். அன்று பல டாக்டர்கள் அவரைக் கண்டித்தார்கள். இன்று உலகம் முழுவதும் கோடிக்கணக்கான கண்களில் அப்படிப்பட்ட வில்லை இருக்கிறது.

நல்ல மருத்துவம் கண்டுபிடித்தால் போதுமா? ஏழைக்கு எட்ட வேண்டாமா? இதற்குப் பதில் சொன்னவர் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர். டாக்டர் கோ. வெங்கடசாமி. மூட்டு வாதத்தால் கைவிரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களைப் பழக்கிக்கொண்டே கண் அறுவை செய்தவர். அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றபின், 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் உள்ளவர் கட்டுவார், இல்லாதவருக்கு இலவசம் அல்லது மிகக் குறைந்த கட்டணம். ஆனால் இருவருக்கும் வைத்தியம் ஒன்றுதான். வெளிநாட்டு வில்லை விலை அதிகம் என்று 1992இல் தாங்களே வில்லை செய்யத் தொடங்கினார்கள். விலை பல மடங்கு இறங்கியது. அந்த வில்லைகள் பல நாடுகளுக்குப் போகின்றன. இது பிச்சை போடும் தர்மம் அல்ல, பாருங்கள். ஏழையையும் மதித்து நடத்துகிற தர்மம்.

நம் நாட்டில் அரசாங்க மருத்துவமனைக் கண் பிரிவுகளில் கண்புரைச் சிகிச்சை நடக்கிறது. மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் முயற்சியால் 1986இல் துன் உசேன் ஓன் தேசிய கண் மருத்துவமனை உருவானது. முதலில் தோட்டத்துக்குப் பக்கத்திலுள்ள அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். அங்கே சோதித்துக் கடிதம் கொடுப்பார்கள். அந்தக் கடிதத்தோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம். பெரும்பாலும் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்து ஆப்பரேஷன் செய்வார்கள். பலர் அன்றே வீடு திரும்புகிறார்கள்.

நமது பாட்டி என்னவானார்? மூன்று மாதம் காத்திருந்து ஒரு கண்ணுக்கு ஆப்பரேஷன் ஆனது. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் முறத்தை எடுத்து அரிசியைப் புடைத்துப் பார்த்தாராம். “அடியே, இத்தன நாளா இந்த வண்டையெல்லாமா எனக்கு ஆக்கிப் போட்டே?” என்று மகளுக்கு நல்ல திட்டு! பேத்தி ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாள். ஆனால் அவள் இழந்த படிப்பை யார் திருப்பிக் கொடுப்பது?

இனிப்பு நீர்: வலிக்காமல் கண்ணைத் திருடும் நோய்

இதை நமக்கென்றே எழுதுகிறேன். 2019இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியர்களில் வயது வந்தோரில் 100க்கு 31 பேருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிந்தது. நாட்டின் பொதுக் கணக்கு அப்போது 100க்கு 18தான். நம் சனங்களில் மூன்றில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட இந்த நோய் இருந்தது என்றால், நம் கண்களுக்கு எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்.

கண்ணின் உள்சுவரில் பார்வைத்திரை இருக்கிறது. அதில் மயிரிழை போன்ற இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. இரத்தத்தில் சர்க்கரை கூடிக்கொண்டே இருந்தால் அந்தக் குழாய்கள் பழுதாகிக் கசிகின்றன. வலி கிடையாது, சிவப்பு கிடையாது. ஆரம்பத்தில் பார்வையும் நன்றாகவே இருக்கும். ஒருநாள் கண்ணுக்குள் இரத்தம் கசிந்து, கறுப்புத் திரை விழுந்தது போல மறைக்கும். அப்போது ஓடினால், இருப்பதைக் காப்பாற்றலாம். போனதை முழுவதும் மீட்பது கடினம்.

ஆகவே இனிப்பு நீர் உள்ளவர்கள் ‘கண்ணு நல்லாத்தானே தெரியுது’ என்று இருக்கக் கூடாது. வருஷம் ஒரு முறை பார்வைத்திரையைச் சோதிக்க வேண்டும். கிளினிக்கில் மருந்து வாங்கப் போகும்போது நீங்களே கேளுங்கள்: “என் கண்ணை உள்ளே படம் பிடித்துப் பார்த்தாச்சா?” கேட்பது உங்கள் உரிமை. சரியான சமயத்தில் லேசர் சிகிச்சையோ ஊசியோ கொடுத்தால் பெரும்பாலோரின் பார்வையைக் காக்க முடியும். இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வையுங்கள். மாத்திரையை ‘உடம்பு நல்லாயிட்டுது’ என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். கோப்பையில் கால் பங்கு டின்பால் ஊற்றிக் குடிக்கிற தேத்தண்ணியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

கண் அழுத்த நோயும் இதுபோலத்தான். ஓரப் பார்வையிலிருந்து மெல்ல மெல்லத் திருடிக்கொண்டு வரும். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால், நாற்பது வயதுக்கு மேல் மற்றவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

காட்டு வேலையில் கண்

செம்பனைக் குலை வெட்டுகிறவர் அண்ணாந்து பார்த்தே வேலை செய்கிறார். தூசி, தும்பு, மட்டை முள் எல்லாம் நேரே கண்ணில் விழும். மருந்து அடிக்கிற தாய்மார்களுக்குக் காற்றடித்தால் முகத்திலேயே தெறிக்கும். பராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. நல்லது. ஆனால் மற்ற மருந்துகளும் உரங்களும் கண்ணுக்குத் தீங்குதான்.

மருந்து கண்ணில் பட்டால் என்ன செய்வது? ஒரு விநாடியும் தாமதிக்க வேண்டாம். அங்கேயே, சுத்தமான தண்ணீரை இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது இருபது நிமிடம் ஊற்றுங்கள். தலையைச் சாய்த்து, பட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி ஊற்றினால் மற்றக் கண்ணுக்குள் ஓடாது. கசக்கக் கூடாது. பிறகு மருந்துப் போத்தலின் பெயர்த்தாளையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மண்டோரைத் தேடி, லாரியைத் தேடி, அப்புறம் கழுவலாம் என்றால் அதற்குள் கருவிழி வெந்துவிடும்.

முள்ளோ இலையோ கருவிழியில் கீறினால், ‘சின்னக் காயம்தானே’ என்று விடாதீர்கள். செடி கொடியால் வந்த காயத்தில் பூசணக் கிருமி புகுந்து புண்ணாகும். ஆறினாலும் கருவிழியில் வெள்ளைத் தழும்பு நின்றுவிடும். அதைத்தான் நம் பெரியவர்கள் ‘கண்ணிலே பூ விழுந்திடுச்சு’ என்பார்கள். தாய்ப்பால், இலைச் சாறு, பக்கத்து வீட்டில் மிச்சமிருந்த சொட்டு மருந்து, எதையும் விட வேண்டாம். கடையில் கேட்டு வாங்குகிற சில சொட்டு மருந்துகள் அந்தக் கிருமிக்குத் தீனி போட்டதாகிவிடும். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

பாதுகாப்புக் கண்ணாடியை யார் வாங்க வேண்டும்? முதலாளி! 1994ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பாதுகாப்புக் கருவிக்காகச் சம்பளத்தில் காசு பிடிக்கக் கூடாது. கொடுத்ததைப் போட்டுக்கொள்வது தொழிலாளியின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. “கண்ணாடி போட்டா வேர்த்து மறைக்குது” என்கிறீர்கள். உண்மைதான். அப்படியானால் காற்றுப்போகிற நல்ல கண்ணாடி வேண்டும் என்று கேளுங்கள். போடாமல் இருப்பது பதில் ஆகாது.

வேலையில் கண் அடிபட்டால் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்து நம்மோடு வேலை செய்கிற தோழர்களுக்கும் 2019 ஜனவரி முதல் இந்தப் பாதுகாப்பு உண்டு. அவர்களுக்கு மொழி தெரியாது. நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளின் கண்

பள்ளியில் ‘மக்கு’ என்று பெயர் வாங்குகிற பிள்ளைக்குக் கரும்பலகை தெரியாமல் இருக்கலாம். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, தூரத்திலுள்ள எழுத்தைக் காட்டிக் கேளுங்கள். பிறகு மற்றக் கண். இரண்டையும் திறந்தே சோதித்தால், நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும். கண் ஒன்று உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ந்தால் ‘அதிர்ஷ்டக் கண்’ என்று சிரிக்காதீர்கள். சிறு வயதிலேயே காட்டாவிட்டால் அந்தக் கண் பார்க்கப் பழகாமலே போய்விடும்.

நம் பாட்டன் காலத்தில் இந்த வட்டாரத்தில் குழந்தைகளின் கண்ணைப் பறித்தது வேறொன்று. கொழுப்பு நீக்கிய டின்பாலில் ‘ஏ’ உயிர்ச்சத்து இருக்காது. தாய்ப்பாலுக்குப் பதில் அதையே குடித்து வளர்ந்த குழந்தைகளின் கருவிழி வறண்டு அழிந்தது. அப்போது சிங்கப்பூரில் பணியாற்றிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார், 1939இல் ஒரு மேடையில் டின்பாலையும் கொலையையும் சேர்த்துப் பேசி வியாபாரிகளைக் கதிகலங்க வைத்தார். இன்றும் கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலே சிறந்தது. வளர்ந்த பிள்ளைக்கு வேலியோரத்து முருங்கைக் கீரை, மஞ்சள் பூசணி, பப்பாளி கொடுங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

பார்வை போனாலும் உரிமை போகாது

எல்லாக் கண்ணையும் மீட்க முடியாது. அப்போது என்ன செய்வது? மூலையில் பாய் போட்டு உட்கார வைப்பதா?

ஜான் வில்சன் என்ற ஆங்கிலேயர் பன்னிரண்டு வயதில், பள்ளி ஆய்வுக்கூடத்தில் நடந்த வெடிவிபத்தில் இரண்டு கண்ணையும் இழந்தார். அதற்குப்பின் சட்டம் படித்தார். காலனி நாடுகளைச் சுற்றி வந்து, ஏழைகளின் பார்வையிழப்பில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது என்று கண்டார். 1950இல் ஒரு சங்கம் தொடங்கினார். இன்று அது ‘சைட்சேவர்ஸ்’ என்ற பெயரில் உலகமறிய இயங்குகிறது. கண்ணைக் காப்பது, கண் இழந்தவரின் உரிமையைக் காப்பது, இரண்டும் ஒரே வேலையின் இரண்டு கைகள் என்று நடத்திக் காட்டியவர் கண் தெரியாத அந்த மனிதர்தான்.

நம் நாட்டிலும் 1951இல் பார்வையற்றோர் சங்கம் பிறந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் தொழிற்பயிற்சி, பிரெய்ல் எழுத்து, வெள்ளைக் கோலோடு நடக்கப் பயிற்சி எல்லாம் கொடுத்தது. பிறகு 1964இல் பார்வையற்றவர்களே கூடித் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். நாம் தொழிலாளர்கள், இதை நன்றாகப் புரிந்துகொள்வோம். நமக்காக மற்றவர் பேசுவது ஒன்று. நாமே கூடிப் பேசுவது வேறொன்று.

2008இல் உடற்குறையுள்ளோர் சட்டம் வந்தது. வேலை, கல்வி, போக்குவரத்து, சுகாதாரம் ஆகியவற்றில் மற்றவர்களுக்குச் சமமான உரிமை உண்டு என்று அது சொல்கிறது. குறை உடம்பில் மட்டும் இல்லை, சுற்றிலும் நாம் வைத்திருக்கிற தடைகளிலும் இருக்கிறது என்ற கருத்து அதில் உண்டு. ஆனால் சட்டம் வந்தபோது, மீறினால் என்ன தண்டனை என்ற பகுதி அதில் இடம்பெறவில்லை. அதனால்தான் உரிமையைக் கேட்டு வாங்க ஆள் வேண்டும், சங்கம் வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு தோழர். இனிப்பு நீரால் ஐம்பது வயதில் பார்வை போனது. தோட்டத்து நிர்வாகம் ‘வேலை இல்லை, வீட்டைக் காலி செய்’ என்றது. அவரும் தலையைக் குனிந்துகொண்டு போக இருந்தார். கிளைச் செயலாளர் விடவில்லை. சொக்சோவின் இயலாமை ஓய்வூதியத்துக்கு மனுப் போட்டார். அறுபது வயதுக்குள் நோயால் உழைக்க முடியாமல் போனவர்களுக்குச் சந்தாத் தகுதி இருந்தால் அது கிடைக்கும் என்பது அந்தத் தோழருக்குத் தெரியாது! டாக்டரிடம் எழுதி வாங்கி, சமூக நலத் துறையில் பதிந்து ஓகேயூ அட்டையும் எடுத்தார்கள். அந்த அட்டை இருந்தால் அரசாங்க மருத்துவமனைக் கட்டணத்தில் விலக்கு முதலிய சலுகைகள் உண்டு. இன்று அவர் வெள்ளைக் கோலோடு கடைக்குத் தானே போய் வருகிறார். கோயில் கூட்டத்தில் கணக்குக் கேட்கிறார். “கண்ணுதாண்ணே போச்சு, கணக்குப் போகல” என்று சிரிக்கிறார்.

அப்படிப்பட்டவரைப் பார்த்தால் ‘குருடன்’ என்று கூப்பிடாதீர்கள், பெயரைச் சொல்லுங்கள். திடீரென்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். “கூட வரட்டுமா?” என்று கேட்டு, உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளக் கொடுங்கள். அவருக்குச் சொல்ல வேண்டியதை மனைவியிடம் சொல்லாமல் அவரிடமே சொல்லுங்கள்.

கிளைகள் செய்யலாம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். இரண்டு இளைஞர்கள், இரண்டு தாய்மார்கள் லயம் லயமாகப் போங்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: கண் மறைக்கிறதா? இனிப்பு நீர் இருக்கிறதா, கண் சோதித்து ஒரு வருஷம் ஆகிவிட்டதா? பார்வை போனவர் இருந்தால் ஓகேயூ அட்டை இருக்கிறதா? பெயரை எழுதுங்கள். கிளினிக்குக்கு நாள் வாங்குங்கள். வேன் ஒன்று ஏற்பாடு செய்யுங்கள். லயன்ஸ் கிளப் போன்ற பொதுநல அமைப்புகள் நடத்தும் கண் முகாம்களையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

எழுதியதோடு நிற்காதீர்கள். போகாதவரை மறுபடி போய்ப் பாருங்கள். பெரும்பாலோரைத் தடுப்பது காசு அல்ல. பயமும், கூட்டிப் போக ஆள் இல்லாததும்தான். ஏற்கெனவே ஆப்பரேஷன் செய்துகொண்ட ஒரு பாட்டியைக் கூடவே அழைத்துப் போங்கள். நூறு டாக்டர் சொல்வதைவிட, “எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு, இப்ப பாரு ஊசியிலே நூல் கோக்கிறேன்” என்று அவர் சொல்வது வேலை செய்யும்.

பேத்தி பள்ளிக்கூடம் போக வேண்டும், தோழர்களே. இன்று சாயங்காலமே அந்த அஞ்சடிக்குப் போய் வாருங்கள்.